ஸ்டீராய்டு க்ரீம்: வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவர்களின் பதில்

கரப்பான், சோரியாசிஸ், முகப்பூச்சு, படர்தாமரை என்று பலவிதமாகக் கேள்விகள் வந்திருந்தாலும் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஸ்டீராய்டு க்ரீமிலேயே வந்து நிற்கின்றன. தடவப் பயந்து நோயை வளர்த்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம், கேட்காமல் தடவித் தோலைக் கெடுத்துக்கொண்டவர்கள் இன்னொரு பக்கம். எந்த மருந்து, எந்த இடத்தில், எவ்வளவு, எத்தனை நாள் என்ற நான்கும் இரு தரப்புக்கும் யாரும் சொல்லித் தரவில்லை என்பது கடிதங்களைப் படித்தாலே தெரிகிறது.

இரண்டு வயது மகனுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறமும் கரப்பான். டாக்டர் ஸ்டீராய்டு ஆயின்மெண்ட் எழுதிக்கொடுத்தார். தோல் மெலிந்துவிடும், நிறம் போய்விடும் என்று வீட்டில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அதனால் கடுகளவு எடுத்துப் பட்டும் படாமலும் தடவுகிறேன். 15 கிராம் டியூப் நான்கு மாதமாகியும் பாதிதான் தீர்ந்திருக்கிறது. குழந்தை ராத்திரியெல்லாம் சொறிந்து அழுகிறான். வேறு மருந்துக்கு மாறலாமா? - வாசகி, கரூர்

மருந்தை மாற்றுமுன் அளவை மாற்றிப் பாருங்கள். நான்கு மாதத்தில் ஏழரை கிராம் என்றால் ஒரு நாளைக்கு 0.06 கிராம். நான்கு இடத்துக்கும் சேர்த்து இவ்வளவுதான் போயிருக்கிறது. இது எந்தக் கரப்பானையும் அடக்காது.

அளவுக்கு ஒரு எளிய வழி உண்டு. டியூபைப் பிதுக்கி, உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை நீளமாக ஒரு கோடு போடுங்கள். அதுதான் ஒரு 'விரல் நுனி அளவு'. பிரிட்டன் தோல் மருத்துவர்கள் லாங், ஃபின்லே இருவரும் 1991-ல் வழக்கத்துக்குக் கொண்டுவந்த கணக்கு இது. டியூபின் வாய் 5 மில்லிமீட்டர் அகலமாக இருந்தால் ஆண் விரலில் ஏறத்தாழ அரை கிராமும், பெண் விரலில் சற்றுக் குறைந்து 0.4 கிராமும் வரும். ஒரு விரல் நுனி அளவு, விரல்களைச் சேர்த்துவைத்த பெரியவர் உள்ளங்கை இரண்டு கொள்ளும் பரப்புக்குப் போதும். குழந்தைக்குத் தடவினாலும் அளக்க வேண்டியது பெரியவர் விரலால்தான். இதில் நிறையப் பேர் குழம்பிவிடுகிறார்கள்.

உங்கள் கையைக் கரப்பான் இருக்கும் இடங்களின்மேல் வைத்துப் பாருங்கள். நான்கு மடிப்பும் சேர்ந்து இரண்டு கையளவு என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு ஒரு விரல் நுனி அளவு, பத்து நாளுக்கு நான்கு முதல் ஐந்து கிராம். அதாவது 15 கிராம் டியூப் இப்படி மூன்று சுற்றுக்குத்தான் வரும், நான்கு மாதத்துக்கு அல்ல. சில டியூப்களின் வாய் ஒடுங்கியிருக்கும், கோடு நூல்போல் மெலிந்து வரும். அப்போது விரல் கணக்கு பொய்த்துப்போகும். டியூப் எத்தனை நாளில் தீர்ந்தது என்பதை வைத்துக் கிராமைச் சரிபாருங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும், இரவு குளித்த பிறகு வசதி. அழுத்தித் தேய்க்க வேண்டாம். பொட்டுப் பொட்டாக வைத்து, முடி வளரும் திசையிலேயே மெல்லப் பரப்புங்கள். எதிர்த்திசையில் தேய்த்தால் முடிக்கால்களில் மருந்து அடைத்துச் சிறு கொப்புளங்கள் வரும். தோல் லேசாகப் பளபளத்தால் அளவு சரி.

எப்போது நிறுத்துவது? சிவப்பு குறைந்த அன்றே நிறுத்துவதால்தான் மறுவாரமே கரப்பான் திரும்புகிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். பக்கத்துத் தோலைப்போல வழவழப்பாக இருக்கிறதா? அதற்குப் பின் இரண்டு நாள் தடவிவிட்டு நிறுத்துங்கள். பெரும்பாலும் ஏழு முதல் பதினான்கு நாளில் இந்த நிலை வந்துவிடும். பதினான்கு நாள் சரியான அளவில் தடவியும் மாற்றமில்லை என்றால் டாக்டரிடம் திரும்பிப் போக வேண்டும். மாதத்துக்கு இரண்டு முறை கிளம்புகிற கரப்பானுக்கு, அடங்கிய பிறகும் அதே இடத்தில் வாரம் இரண்டு நாள் மட்டும் சில மாதங்கள் தடவும் முறை உண்டு. அதை அவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

நிறம் பற்றி. கரப்பான் ஆறிய இடம் சில வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில் வெளிறித் தெரியும். அழற்சி வந்துபோன தடம் அது, தானே நிறம் திரும்பும். மருந்தே போடாமல் ஆறினாலும் அப்படித்தான் வெளிறும். நம் நிறத்தில் அது எடுப்பாகத் தெரிவதால் பழி மருந்தின்மேல் விழுகிறது. ஸ்டீராய்டும் நிறத்தைக் குறைக்கக்கூடியதுதான். ஆனால் குழந்தைக்கு ஏற்ற மென்மையான மருந்தைக் கரப்பான்மேல் மட்டும் பத்துப் பதினான்கு நாள் தடவுவதில் தோல் மெலியும் வாய்ப்பு மிகக் குறைவு. சொறிந்து சொறிந்து தோல் யானைத்தோல்போல் தடித்துவிட்டால் பிறகு இன்னும் வீரியமான மருந்து தேவைப்படும். பயந்து குறைத்துப் போடுவதன் உண்மையான விலை அதுதான்.

ஈரப்பதம் தரும் களிம்பை இதோடு சேர்த்தே நினையுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிடக் குளியல், துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் உடம்பு முழுவதும் வாசனையில்லாத களிம்போ வாசலினோ தாராளமாகத் தடவுங்கள். ஸ்டீராய்டுக்கும் இதற்கும் இருபது, முப்பது நிமிட இடைவெளி விடுங்கள். இரண்டையும் உள்ளங்கையில் குழைத்துப் பூசினால் மருந்து நீர்த்துப்போகும், வேண்டாத இடத்துக்கும் பரவும். தேங்காய் எண்ணெய் நல்லதுதான், தடவலாம். கடலை மாவு, பயத்த மாவு போட்டுத் தேய்ப்பதைக் கரப்பான் ஆறும்வரை நிறுத்துங்கள், அந்த உராய்வே அரிப்பைக் கிளப்பும். இன்னொன்று: வாசலின் போன்ற எண்ணெய்ப்பசைக் களிம்பு ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். களிம்பு பட்ட நைட்டியோடு அடுப்புப் பக்கம் நிற்காதீர்கள்.

கரப்பான்மேல் மஞ்சள் பொருக்கு கட்டி நீர் வடிந்தால் கிருமி சேர்ந்திருக்கிறது என்று பொருள். மறுநாளே காட்டுங்கள். குத்தி எடுத்ததுபோல் ஒரே அளவில் சிறு சிறு புண்கள் கூட்டமாகக் கிளம்பி, காய்ச்சலும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது கரப்பான்மேல் பரவும் ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம்.

மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கிறதா இல்லையா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? - வாசகர், தஞ்சாவூர்

பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயரும் சதவீதமும் இருக்கும். போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படியுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன், டெசோனைடு, மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன், ஃப்ளூசினோலோன், குளோபெட்டசால், ஹாலோபெட்டசால். இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டு.

சதவீதத்தை வைத்து வீரியத்தை எடைபோடாதீர்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் மிக மென்மையானது. குளோபெட்டசால் 0.05 சதவீதம் நம் கையில் கிடைப்பவற்றில் மிகக் கடுமையானவற்றில் ஒன்று, ஹைட்ரோகார்ட்டிசோனைவிட 600 மடங்கு வரை வீரியம் என்று கணக்கிடுகிறார்கள். எண் சின்னதாக இருக்கிறதே என்று முகத்தில் தடவியவர்கள் ஏராளம். பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. குளோபெட்டசோன் நடுத்தரம், குளோபெட்டசால் அதிவீரியம். கடைசி எழுத்துகள்தான் வித்தியாசம். சீட்டையும் டியூபையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். மொமெட்டசோன் 0.1, பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1 இரண்டும் வீரியமான வகை. உடம்புக்கும் கைகாலுக்கும் சரி, முகத்துக்கும் மடிப்புகளுக்கும் அல்ல.

அட்டைப்பெட்டியில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை அந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்தும் கவுண்ட்டரில் கேட்டதும் எடுத்துக்கொடுக்கும் பழக்கம் தீரவில்லை. ஆகவே படித்துப் பார்க்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

பனியன் கம்பெனியில் வேலை. தொடை இடுக்கில் வட்ட வட்டமாகப் படர்தாமரை. மெடிக்கலில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். தடவிய இரண்டாம் நாளே நமைச்சல் நின்றது. ஆனால் நிறுத்தினால் இன்னும் அதிகமாக வருகிறது. எட்டு மாதமாக இப்படி. இப்போது பிட்டம், இடுப்பு வரை பரவிவிட்டது. தொடையில் கோடு கோடாகவும் இருக்கிறது. - வாசகர், திருப்பூர்

நீங்கள் டியூபின் படத்தையும் அனுப்பியது நல்லதாயிற்று. அதில் நான்கு மருந்துகள் இருக்கின்றன: குளோபெட்டசால், ஓஃப்ளாக்சசின், ஓர்னிடசோல், டெர்பினஃபைன். படர்தாமரை பூஞ்சையால் வருவது. நான்கில் பூஞ்சைக்கானது டெர்பினஃபைன் மட்டும். நடுவில் இருக்கும் இரண்டுக்கும் பூஞ்சையிடம் வேலையே இல்லை. முதலாவதாக இருக்கும் ஸ்டீராய்டு பூஞ்சைக்கு உதவிதான் செய்கிறது.

பூஞ்சை நுழைந்ததும் உடம்பு அதை எதிர்த்துப் போராடும். அந்தப் போராட்டம்தான் சிவப்பு, நமைச்சல், தூக்கலான ஓரம் எல்லாம். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கிவிடுகிறது. இரண்டு நாளில் நமைச்சல் போனதற்குக் காரணம் அதுவே. காவல் இல்லாத வீட்டில் பூஞ்சை நிம்மதியாகப் பெருகும். வட்டத்தின் ஓரம் மங்கி, அடையாளமே மாறிப்போகும். சிலருக்கு வளையத்துக்குள் வளையமாகப் படரும். அந்த ஒரு தோற்றத்தைப் பார்த்தாலே இவர் ஸ்டீராய்டு கலவை தடவியிருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். நிறுத்தியதும் அடங்கிக் கிடந்த எதிர்ப்பு ஒரேயடியாகத் திரும்ப, நமைச்சல் முன்னைவிடக் கடுமையாகும். உடனே கை டியூபைத் தேடும்.

தொடையிடுக்கு என்பதால் கேடு இரட்டிப்பு. தோல் எல்லா இடத்திலும் ஒரே அளவு மருந்தை உறிஞ்சுவதில்லை. முன்கை உள்பக்கம் உறிஞ்சுவதை ஒன்று என்று வைத்தால் உள்ளங்கால் அதில் ஏழில் ஒரு பங்குதான். நெற்றி 6 மடங்கு, தாடைப் பகுதி 13 மடங்கு, விதைப்பை 42 மடங்கு. 1967-ல் ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து அளந்த கணக்கு இது. போதாததற்கு இடுக்கில் தோலோடு தோல் ஒட்டி, வியர்வையும் சேர்ந்து, மருந்தைப் பொத்திவைத்துக் கட்டுப்போட்டதுபோல் ஆகிவிடும். தொடையில் நீங்கள் பார்க்கும் கோடுகள் தோலின் உள்நார் அறுந்த தழும்புகள். சிவப்பு மங்கி வெளிறும், முழுதாக மறையாது. இதை மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இனி செய்ய வேண்டியது: அந்த க்ரீமை இன்றே நிறுத்துங்கள். ஒன்றிரண்டு வாரம் நமைச்சல் ஏறும், அதற்கு அரிப்பு மாத்திரையை டாக்டர் தருவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு, அங்கே போகலாம். ஓரத்தைச் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். இவ்வளவு பரவியபின் தடவும் மருந்து மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டியிருக்கும். இப்போது இந்தியாவில் பரவியிருக்கும் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சை டெர்பினஃபைனுக்குப் பல நேரம் மசிவதில்லை. ஆகவே எந்த மாத்திரை, எத்தனை வாரம் என்பதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். நண்பர் சாப்பிட்டதை வாங்கிச் சாப்பிடாதீர்கள். பூஞ்சைக்கான தனி க்ரீமை, வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும். கண்ணுக்கு மறைந்தபின்னும் இரண்டு வாரம் தொடர வேண்டும்.

அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். ஈரக் கயிற்றுக்கு அடியில் பூஞ்சை தங்கி இடுப்பைச் சுற்றிவரும். இதைச் சொன்னால் வீட்டில் பெரியவர்களுக்கு வருத்தம் வரும். குணமானபின் புதுக்கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். உள்ளாடையை வெந்நீரில் தனியாகத் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். துண்டை யாரோடும் பகிராதீர்கள். அறையிலோ வீட்டிலோ இன்னொருவருக்கு இருந்தால் இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருக்கும்.

கன்னத்தில் மங்கு. பார்லரில் சொன்ன க்ரீமை ஒன்றரை வருடமாகத் தடவுகிறேன். முதல் மாதமே முகம் பளிச்சென்று ஆனது. இப்போது ஒரு நாள் விட்டால்கூட முகம் சிவந்து எரிகிறது, வெயிலில் நிற்க முடியவில்லை. பருவும், மீசை மாதிரி முடியும் வந்திருக்கிறது. - வாசகி, மதுரை

நீங்கள் எழுதியிருக்கும் க்ரீமில் நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டான மொமெட்டசோன் மூன்றும் இருக்கின்றன. 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மேன் மங்குக்கென்று உருவாக்கிய கலவையின் வழியில் வந்தது. மங்குக்கு மருந்தாக, இரவு மட்டும், ஆறு முதல் எட்டு வாரம், பகலில் சன்ஸ்கிரீனோடு, டாக்டர் கண்காணிப்பில் போடுவதற்கானது. அதை அழகு க்ரீமாகத் தினமும் பூசவைத்தது பெருந்தவறு. அந்தத் தவறு உங்களுடையதல்ல.

முதல் மாதப் பளபளப்பு ரத்தக் குழாய்கள் சுருங்கியதாலும் நிறமி குறைந்ததாலும் வந்தது. மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் சிவப்பு நூல்களாக வெளியே தெரியும். மருந்து நின்றதும் சுருங்கியிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிவதால்தான் அந்த எரிச்சல். இந்தப் பாதிப்பு பரவலாக இருப்பதால் 'ஸ்டீராய்டால் பாதித்த முகம்' என்றே தனிப்பெயர் வைத்திருக்கிறோம்.

எப்படி விடுவது என்பதைத் தோல் மருத்துவர் முகத்தைப் பார்த்து முடிவுசெய்வார். சிலரை உடனே நிறுத்தச் சொல்வோம், நீண்ட நாள் தடவியவர்களுக்கு மென்மையான ஸ்டீராய்டுக்கு இறக்கி, நாள் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்துவோம். ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்போ, பருவுக்கான மாத்திரையோ சேர்த்துத் தருவதுண்டு. கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயன்றுகொண்டிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிறுத்திய சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் சிவப்பும் எரிச்சலும் உச்சத்துக்குப் போகும். பிறகு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும். நடுவில் ஒரு கல்யாணம் வருகிறது என்று பழைய டியூபை ஒரே ஒருநாள் எடுத்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதுவரை முகத்துக்கு வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பும் சன்ஸ்கிரீனும் மட்டும். ஃபேஷியல், ஸ்கிரப், ப்ளீச், எலுமிச்சைச் சாறு, கஸ்தூரி மஞ்சள் எதுவும் வேண்டாம். எரிச்சல் அதிகமானால் குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய துணியைப் பத்து நிமிடம் போடுங்கள். முடியும் சிவப்பும் காலப்போக்கில் குறையும். மங்கு திரும்பத் தெரியும், அதற்கு ஸ்டீராய்டு இல்லாத மருந்துகள் இருக்கின்றன. தோல் ஆறியபின் பார்த்துக்கொள்ளலாம்.

லேபிளே இல்லாமல் டப்பியில் விற்கும் க்ரீம்களைக் கையால்கூடத் தொடாதீர்கள். அவற்றில் பாதரசமும் கலந்திருப்பதுண்டு, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பத்து வருடமாகச் சோரியாசிஸ், முழங்கை, முழங்கால், தலை. குளோபெட்டசால் போட்டால் பத்து நாளில் அடங்குகிறது. விட்டால் திரும்ப வருகிறது. எனவே நிறுத்தாமல் போடுகிறேன். தவறா? - வாசகர், நாகர்கோவில்

மருந்து சரி, முறைதான் சரியில்லை. தடித்த செதில் படைக்கு அதிவீரிய ஸ்டீராய்டு பொருத்தமானதே. ஆனால் தொடர்ச்சியாக இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. வாரத்துக்கு 50 கிராமுக்கு மேலும் போகக்கூடாது, போனால் ரத்தத்தில் கலந்து, உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு சுரப்பை அமுக்கிவிடும்.

இரண்டு வாரம் தினமும் தடவி அடக்குங்கள். பிறகு டாக்டரைக் கேட்டு, சனி ஞாயிறு மட்டும் ஸ்டீராய்டு, மற்ற ஐந்து நாள் கால்சிபோட்ரியால் என்று மாற்றிக்கொள்ளலாம். கால்சிபோட்ரியால் வைட்டமின் டி வகை, தோலை மெலியவைக்காது. செதிலை இளக்க சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு கொடுத்திருந்தால் அதை இதோடு ஒரே நேரத்தில் பூசக்கூடாது, அமிலம் பட்டால் கால்சிபோட்ரியால் செயலிழந்துபோகும். ஒன்று காலை, ஒன்று இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு ஆயின்மெண்ட் ஒத்துவராது. லோஷன் வாங்கி, முடியை வகிடு வகிடாகப் பிரித்து, பாட்டில் மூக்கைத் தோலில் வைத்துச் சொட்டுவிடுங்கள். முடிமேல் கொட்டுவதில் பயனில்லை. மருந்து தடவி பிளாஸ்டிக் தாள் சுற்றும் வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள், உறிஞ்சுவது பத்து மடங்கு வரை கூடலாம்.

படை பரவிக்கொண்டே போனால் இன்னும் வீரியமான க்ரீமைத் தேடுவதில் அர்த்தமில்லை. ஒளிச் சிகிச்சையோ மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரையோ தேவைப்படும் கட்டம் அது. சீக்கிரம் அடங்கும் என்று யாராவது ஸ்டீராய்டு ஊசியோ பெயரில்லாத பொடியோ கொடுத்தால் வாங்காதீர்கள். ஸ்டீராய்டை உள்ளுக்கு எடுத்துத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு முழுவதும் சிவந்து சீழ்க்கொப்புளம் கிளம்பும் சோரியாசிஸாக மாறிவிடலாம். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும்.

ஆறு மாதக் குழந்தைக்கு டயப்பர் கட்டும் இடத்தில் சிவப்பு. என் கைக்குப் போடும் குளோபெட்டசால் க்ரீமைக் கொஞ்சம் தடவலாமா? - வாசகி, வேலூர்

வேண்டாம். குளோபெட்டசால் அதிவீரிய ஸ்டீராய்டு. டயப்பர் அதன்மேல் இறுக்கமாக மூடி மருந்தை உள்ளே தள்ளும். எடையோடு பார்த்தால் குழந்தையின் தோல் பரப்பு நம்மைவிட அதிகம் என்பதால் உடம்பிலும் அதிகம் சேரும். இப்படி வாரக்கணக்கில் தடவி, முகம் நிலாபோல் உப்பி, வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகள் உண்டு. டயப்பரைக் கழற்றிக் காற்றாட விடுங்கள். ஈரமானால் உடனே மாற்றி, வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றி, துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள். மூன்று நாளில் குறையாவிட்டாலோ, மடிப்புக்குள்ளும் சிவந்து ஓரத்தில் சிறு புள்ளிகள் சிதறியிருந்தாலோ பூஞ்சையாக இருக்கலாம். குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பம். கையில் கரப்பான். ஸ்டீராய்டு தடவலாமா? - வாசகி, சேலம்

தடவலாம். மென்மையான, நடுத்தர வகைகளால் குழந்தைக்குப் பாதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை. வீரியமான மருந்தைக் கர்ப்பகாலம் முழுவதிலும் சேர்த்து 300 கிராமுக்கு மேல் தடவியவர்களுக்குத்தான் குழந்தையின் எடை குறைவது தெரியவந்திருக்கிறது. இரண்டு கைக்கும் முன்புறம் பின்புறம் சேர்த்து நாளொன்றுக்கு இரண்டு விரல் நுனி அளவு, ஏறத்தாழ ஒரு கிராம். இரண்டு வாரம் போட்டாலும் 14 கிராம்தான். உள்ளங்கைத் தோல் தடிமன் என்பதால் க்ரீமைவிட ஆயின்மெண்ட் நன்றாக இறங்கும். இரவு தடவிப் பருத்திக் கையுறை மாட்டிக்கொள்ளுங்கள். பாத்திரம் விளக்கும் சோப்பு நேராகக் கையில் படாமல் பார்த்துக்கொள்வது மருந்தளவுக்கு முக்கியம். குழந்தை பிறந்தபின் மார்புக்காம்பில் தடவ நேர்ந்தால் பால் கொடுக்குமுன் துடைத்துக் கழுவிவிடுங்கள்.

இமையில் அரிப்பு. அக்காவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு டியூப் வீட்டில் பாதி மிச்சம் இருக்கிறது. பயன்படுத்தலாமா? - வாசகர், திண்டுக்கல்

கூடாது. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான். வீரியமான ஸ்டீராய்டைக் கண்ணைச் சுற்றி நாள்கணக்கில் தடவினால் கண்ணழுத்தம் ஏறி கிளாக்கோமாவும், கண்புரையும் வரலாம். வலி இல்லாமலே பார்வை போய்க்கொண்டிருக்கும். இமை அரிப்புக்குப் பெரும்பாலும் காரணம் வேறெங்கோ இருக்கும்: தலைமுடிச் சாயம், கண்மை, புதுச் சோப்பு, கைவிரலில் ஒட்டிவந்த ஏதாவது. அதை நிறுத்திப் பாருங்கள். டாக்டர் ஹைட்ரோகார்ட்டிசோன் எழுதினாலும் சில நாளோடு முடித்துவிடச் சொல்வார். நீண்ட நாள் தேவைப்பட்டால் டாக்ரோலிமஸுக்கு மாற்றுவார்.

அக்காவின் டியூபைத் தூக்கி எறியத் தேவையில்லை, அவருக்கே மறுபடி தேவைப்படலாம். பெட்டியில் போட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். மூடியை இறுக்கி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஃப்ரீஸரில் வேண்டாம். டியூபின்மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் மூன்று விஷயம் எழுதுங்கள்: யாருக்கு, உடம்பில் எந்த இடத்துக்கு, எந்தத் தேதியில் தொடங்கியது. பல்பொடியும் டூத்பேஸ்ட்டும் இருக்கும் தட்டில் மட்டும் வைக்காதீர்கள், காலையில் தூக்கக் கலக்கத்தில் கை மாறிவிடும்.